எட்டாவது பல்

"அண்ணே, இடது பக்கம் எத்தனை பல்லு வெச்சிருக்கீங்க?"

பல் டாக்டர் போனில் இப்படிக் கேட்டால், பதில் அவருக்கு ஏற்கெனவே தெரியும் என்று அர்த்தம். பல்செட்காரர் கையிலிருந்த மெழுகுக் கத்தியைக் கீழே வைத்தார்.

"ஏழு டாக்டர். எப்பவும் ஏழுதானே?"

"நான் எண்ணிப் பாத்துட்டேன். எட்டு இருக்கு."

"வலது பக்கம்?"

"வலது பக்கம் ஏழு. அதனாலதான் ஜட்ஜ் ஐயாவுக்கு வாய் ஒரு பக்கமா இழுத்துக்கிட்டு நிக்குது. மூடவே முடியல."

அந்த ஓய்வுபெற்ற நீதிபதியால் வாயை மூட முடியாமல் போனது பல்செட் வருவதற்கு முன்பா, பின்பா என்று பல்செட்காரருக்குக் கேட்கத் தோன்றியது. கேட்கவில்லை. இந்த ஒரு டாக்டர் அனுப்பும் வேலையில்தான் வீட்டில் அடுப்பு எரிகிறது.

"திருப்பி அனுப்புங்க டாக்டர். சரி பண்ணிடறேன்."

போனை வைத்துவிட்டுத் தன் கைகளைப் பார்த்தார். பல வருஷமாகப் பல் வைத்துக்கொண்டிருக்கும் கைகள். டாக்டர் வாயில் அச்சு எடுத்து அனுப்புவார். இவர் வீட்டு ஜன்னலோரம் உட்கார்ந்து, மெழுகை இளக்கி, நடுவிலிருந்து ஆரம்பித்து ஒரு பக்கத்துக்கு ஏழு பல்லாகப் பதிப்பார். ஞானப்பல் பல்செட்டில் கிடையாது. பல்செட் வாங்கிப் போட்டுக்கொள்கிற வயதில் யாரும் அதைக் கேட்பதுமில்லை. இத்தனை காலத்தில் ஒரு பல் கூடியதில்லை, குறைந்ததில்லை.

இந்த வேலைக்கு வேண்டியது மெழுகு, நெருப்பு, பொறுமை, அமைதி. முதல் மூன்றும் இப்போதும் கைவசம் இருந்தன. அமைதி மட்டும், மேல் வீட்டுக்கு இசை டீச்சர் குடிவந்த அன்றோடு போய்விட்டது.

டீச்சரைக் குறை சொல்லவும் முடியாது. குடிவந்த அன்றே கீழே இறங்கி வந்து, கதவைத் தட்டி, பணிவாகக் கேட்டவர் அவர்.

"பகல்ல பியானோ சத்தம் வரும் சார். பகல் நேரத்துல வீட்டுல யாராவது இருப்பீங்களா?"

"என் மனைவி ஆபீஸ் போயிடுவாங்க. நான் நாள் பூரா இங்கதான். வேலையே இந்த ரூம்லதான்."

டீச்சரின் முகம் மலர்ந்தது. இந்தக் காலத்தில் கீழ் வீட்டுக்காரனைப் பற்றிக் கவலைப்பட இப்படியும் ஒரு மனுஷியா என்று பல்செட்காரர் நெகிழ்ந்துபோனார். வீட்டுச் சொந்தக்காரரும் ஏற்கெனவே நற்சான்று கொடுத்திருந்தார். "தங்கமான பொம்பள. ஒரே குறை, ஒரு வீட்டுல நிலையா இருக்க மாட்டாங்க. வருஷத்துக்கு ஒரு வீடு மாத்துவாங்க. ஆனா எங்க போனாலும் ஸ்டூடண்ட்ஸ் தேடி வந்துடுவாங்க."

சிக்கல் டீச்சர் அல்ல. சிக்கல், காலையில் வந்து வாசிக்கிற அந்த ஸ்டூடண்ட்.

மனைவி அலுவலகத்துக்குக் கிளம்பிப் போய், பல்செட்காரர் விளக்கைப் பற்றவைத்து உட்கார்ந்ததும் மேலே பியானோ ஆரம்பிக்கும். கீழிருந்து ஒவ்வொரு படியாக ஒலி ஏறும். ஏறும், ஏறும், இதோ வந்துவிட்டது என்கிற இடத்துக்கு வரும். நின்றுவிடும். அவ்வளவுதான். கொஞ்ச நேரம் கழித்து மறுபடி முதலிலிருந்து ஏறும். அதே இடத்தில் நிற்கும். தும்மல் வருவதுபோல வந்து மூக்கு நுனியில் நின்றுபோனால் எப்படி இருக்கும்? நாள் முழுக்க அப்படி இருந்தது.

நீதிபதியின் பல்செட்டைப் பற்றிப் போன் வந்த மறுநாள், பல்செட்காரர் தன் கையையே வேவு பார்த்தார். மேலே முதல் ஒலி எழுந்தது. கை முதல் பல்லை வைத்தது. அடுத்த ஒலி, அடுத்த பல். ஏழாவது ஒலியோடு ஏழாவது பல் உட்கார்ந்தது. மேலே நின்றுவிட்டது. ஆனால் கை நிற்கவில்லை. வராத ஒலிக்காக அது எட்டாவது பல்லை எடுத்துக்கொண்டு அந்தரத்தில் காத்திருந்தது.

சாயங்காலம் மனைவியிடம் சொன்னார்.

"மேல் வீட்டுல ஏறி வந்து கடைசியில நிறுத்திடறாங்க."

"யாரு ஏறி வந்தா?"

"பாட்டு. பாட்டுகூட இல்ல. பாட்டுக்கு முன்னாடி வர்றது."

"எனக்கு ஒண்ணும் கேக்கலையே?"

"நீ இருக்கும்போது வாசிக்க மாட்டாங்க."

மனைவி அவரை ஒரு மாதிரி பார்த்தாள்.

"வேணும்னா வேற வீடு பாக்கலாமா?" என்றார் அவர்.

"என் ஆபீஸ் இங்கேர்ந்து நடக்குற தூரம். ரெண்டு பஸ் மாறிப் போன காலமெல்லாம் முடிஞ்சுபோச்சு. வீடு மாத்தறதுன்னா நீங்க மட்டும் மாத்துங்க. அப்பப்ப வந்து பாத்துட்டுப் போறேன்."

வேறு வழியில்லாமல் பல்செட்காரர் மாடியேறினார். டீச்சரின் முன்னறையில் ஒரு பியானோவும், ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாத நாற்காலிகளும் இருந்தன.

"டீச்சர், காலையில வர்ற ஸ்டூடண்ட்டைப் பத்திக் கொஞ்சம்..."

"ரொம்பச் சத்தமா இருக்கா சார்?"

"சத்தம் பரவாயில்ல. நிறுத்தறதுதான் தாங்கல."

"நிறுத்தினா அமைதியாத்தானே இருக்கும்?"

"அந்த அமைதிதான் டீச்சர் காதைப் பொளக்குது."

நோயாளி சரியான இடத்தில் 'ஆ' என்று கத்தியதும் டாக்டர் தலையாட்டுவது போல டீச்சர் தலையாட்டினார்.

"எந்தச் சுரத்துல நிறுத்தறாங்க?"

பல்செட்காரர் விழித்தார். ச ரி க ம என்று ஒன்று இருப்பது அவருக்குத் தெரியும், நிலாவில் பள்ளம் இருப்பது தெரிவதுபோல. எது எங்கே இருக்கிறது என்றெல்லாம் தெரியாது.

"கடைசிக்கு முன்னாடி."

"கடைசின்னா எது?"

"வராம இருக்கே, அது."

"பேரு தெரிஞ்சா சொல்லுங்க சார், கண்டிப்பாத் திருத்தச் சொல்றேன். சும்மா 'கீழ் வீட்டுல கம்ப்ளெயின்ட்'னு சொன்னா அவங்க ஒடிஞ்சுபோயிடுவாங்க. ரொம்ப பயந்த சுபாவம்."

ஒருவரைப் பற்றிப் புகார் சொல்ல வேண்டும் என்றால் அவர் படிக்கிற பாடத்தை நாம் படிக்க வேண்டும் என்பது பல்செட்காரருக்கு நியாயமாகப் படவில்லை. ஆனால் பயந்த சுபாவம் என்று சொன்ன பிறகு என்ன செய்வது? பழைய புத்தகக் கடையில் சிறுவர்களுக்கான இசைப் பாடம் ஒன்று வாங்கினார். அட்டையில் கண்ணாடி போட்ட யானை ஒன்று கையில் குச்சியோடு நின்றது. அடுத்து பொம்மைக் கடைக்குப் போய் ஒரு சின்ன கீபோர்டு கேட்டார்.

"குழந்தைக்கு என்ன வயசு சார்?" என்றார் கடைக்காரர்.

"அம்பத்திரண்டு."

வீட்டுக்கு வந்து கீபோர்டைப் பிரித்தார். வெள்ளைக் கட்டைகளின் வரிசையைப் பார்த்ததும் நல்ல தாடை என்று தோன்றியது. இடையிடையே கறுப்பு. சொத்தையைச் சுரண்டிவிடக் கை பரபரத்தது. சொத்தை அல்ல, அதுவும் சுரம்தான் என்று யானை சொன்னது. ஒரு வெள்ளைக்கும் அடுத்த வெள்ளைக்கும் நடுவில் கறுப்பு இருந்தால் அந்த இடைவெளி முழுசு. இல்லாவிட்டால் அரை. இரண்டு முழுசு, ஒரு அரை, மூன்று முழுசு, ஒரு அரை என்று போனால் ச-வில் தொடங்கி மேல் ச-வை அடையலாம்.

கடைசி அரை எங்கே வருகிறது என்று விரல் வைத்துப் பார்த்தார். நி-க்கும் மேல் ச-வுக்கும் நடுவில். யானை அதற்குக் கீழே எழுதியிருந்தது: 'குழந்தைகளே, நி என்பது வீட்டு வாசல்வரை வந்துவிட்ட ஆள். அவரை உள்ளே விடாவிட்டால் நம் காது ஏங்கும்.'

பல்செட்காரர் அந்த வரியைத் திரும்பத் திரும்பப் படித்தார். தன் கஷ்டத்தைப் புரிந்துகொண்ட முதல் ஆள் ஒரு யானையாக இருப்பதில் அவருக்கு வருத்தமில்லை. உடனே மாடியேறினார்.

"நி டீச்சர்! நியில நிறுத்தறாங்க. மேல் ச வரல."

டீச்சரின் கண்கள் மின்னின. "அருமையான காது சார் உங்களுக்கு. இன்னைக்கே சொல்லிடறேன்."

மறுநாள் காலையில் மேலே பியானோ மேல் ச-வில்தான் ஆரம்பித்தது. பல்செட்காரர் நிம்மதியாக ஒரு பல்லை எடுத்தார். ச-விலிருந்து நி, நி-யிலிருந்து த என்று ஒலி படிப்படியாக இறங்கியது. ப, ம, க, ரி. நின்றுவிட்டது. கீழ் ச வரவில்லை.

மேல் ச வரவில்லை என்றுதான் இவர் புகார் சொல்லியிருந்தார். அது வந்துவிட்டது. கீழ் ச-வைப் பற்றி யாரும் பேசவே இல்லை. பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்தார்.

அந்த வாரக் கடைசியில் போன் வந்தது.

"அண்ணே, முன்பல்லு எங்கண்ணே?"

"எந்த முன்பல்லு டாக்டர்?"

"முன்னாடி இருக்கற முன்பல்லு! கடைவாயிலேர்ந்து அழகா வரிசையா வந்திருக்கு, நடுவுல வாசல் மாதிரி திறந்து கெடக்கு. நாளைக்கு மேடையில பேசப்போற ஆளுண்ணே இவரு. 'நண்பர்களே'ன்னு சொன்னா விசில் வருது."

நி-க்குக் கடைவாய்ப் பல்லில் தொடங்கிய கை படிப்படியாக இறங்கி வந்து, ரி-யோடு நின்றிருக்கிறது; ச-வுக்கான முன்பல் வரவே இல்லை. பல்செட்காரர் எதையும் விளக்கவில்லை. விளக்கினால் வேலை போவதற்கு முன்னால் மானம் போய்விடும்.

இனிமேல் டீச்சரை நம்பிப் பயனில்லை, வராத ச-வைத் தானே போட்டுவிடுவது என்று முடிவுசெய்தார். காலையில் கீபோர்டை மடியில் வைத்துக்கொண்டு காத்திருந்தார். மேலே மறுபடி பழையபடி ஏறி, நி வந்தது. நின்றது. இவர் ச-வை அழுத்தினார்.

எதிர் வீட்டு வாசலில் படுத்திருந்த நாய் எழுந்து தெருக்கோடிக்குப் போய்ப் படுத்துக்கொண்டது.

இவருடைய ச வேறு, அவர்களுடைய ச வேறு. யானையைக் கேட்டார். எந்தக் கட்டையையும் ச என்று வைத்துக்கொள்ளலாம், இடைவெளி மட்டும் மாறக்கூடாது, அந்தத் தொடக்கத்துக்குப் பெயர்தான் சுருதி என்றது யானை. தனக்கு முன்பே சொல்லியிருக்கலாம் என்று பல்செட்காரருக்குக் கோபம். மேலே வாசிப்பவரின் சுருதியைக் காதாலேயே தேட ஆரம்பித்தார். கண்டுபிடித்து அழுத்தப்போன நேரத்தில் மேலே சுருதியை மாற்றிவிட்டார்கள். மறுபடி தேடினார். மறுபடி மாறியது. பயந்த சுபாவத்துக்கு இது கொஞ்சம் அதிகம்தான்.

சாயங்காலம் மனைவி வீட்டுக்குள் நுழைந்தபோது, பல்செட்காரர் ஸ்டூலின் மேல் நின்று, கழுத்தில் பொம்மைக் கீபோர்டைத் தொங்கவிட்டு, கூரையில் காதை ஒட்டிக்கொண்டிருந்தார். மேஜையில் யாருடைய தாடையோ மெழுகோடு மெழுகாக இளகி வழிந்திருந்தது.

"என்ன பண்றீங்க?"

"ச-வைத் தேடறேன்."

"அது நம்மதா?"

பல்செட்காரர் ஸ்டூலிலிருந்து இறங்கினார்.

"உங்க டாக்டர் எனக்குப் போன் பண்ணார்," என்றாள் மனைவி. "உங்க போனை நீங்க எடுக்கலையாம். அவரோட மாமியாருக்குச் செட்டு செய்யணுமாம். அச்சு அனுப்பியிருக்கார். ஒரு பல்லு கூடினாலோ குறைஞ்சாலோ உறவு அதோட முடிஞ்சதுன்னு சொல்லிட்டார்."

"எந்த உறவு? என்கூடவா, மாமியார்கூடவா?"

"ரெண்டுமேன்னுதான் தோணுது. குரல் நடுங்குச்சு."

பல்செட்காரர் நாற்காலியில் சாய்ந்தார். அவருக்கு உண்மையிலேயே பயம் வந்துவிட்டது. அவருக்குத் தெரிந்த தொழில் இது ஒன்றுதான். இந்த டாக்டரும் கைவிட்டால் இந்த வயதில் வேறு டாக்டரைத் தேடிப்போய், நான் எட்டுப் பல் வைக்கிறவன் அல்ல என்று நிரூபிக்க வேண்டும்.

"காதுல பஞ்சை வெச்சுக்கிட்டு வேலையப் பாருங்க," என்றாள் மனைவி. இந்த முறை அவள் குரலிலும் கேலி இல்லை.

மறுநாள் பஞ்சு வைத்துக்கொண்டார். வெளியே ஒன்றும் கேட்கவில்லை. உள்ளேயிருந்து ஆரம்பித்தது. ச ரி க ம ப த நி என்று அவர் மண்டையே வாசித்துவிட்டு, நி-யில் நின்றது. பஞ்சை எடுத்தால் மேலே. வைத்தால் உள்ளே. மாமியாரின் அச்சு மேஜைமேல் வாயைப் பிளந்துகொண்டு அவரையே பார்த்தது.

பாதி வேலையில் எழுந்து மாடியேறினார். கதவைத் திறந்த டீச்சரின் பின்னால் அறை காலியாக இருந்தது. ஸ்டூடண்ட் இப்போதுதான் போயிருக்க வேண்டும்.

"டீச்சர், நான் அந்த ஸ்டூடண்ட்டை நேர்ல பாத்துப் பேசணும்."

"வேணாம் சார். பயந்துபோயிடுவாங்க."

"நானும் பயந்துபோய்த்தான் வந்திருக்கேன். என்கிட்ட ஒரு மாமியார் செட்டு இருக்கு."

டீச்சர் அவரை உட்காரவைத்துத் தண்ணீர் கொடுத்தார். கொஞ்சநேரம் யோசிப்பவர்போல ஜன்னலைப் பார்த்தார்.

"ஒரு வழி இருக்கு சார். அவங்க ஏன் நிறுத்தறாங்க தெரியுமா? தனியா வாசிக்கறோம்ங்கற பயம். கீழ் வீட்டுல ஒருத்தர் நம்மள மாதிரியே ஆரம்பத்துலேர்ந்து கத்துக்கறார்னு தெரிஞ்சா தைரியம் வந்துடும். நீங்க சாயந்திர கிளாஸ்ல சேர்ந்துடுங்க. நாளைக்கே ச-வைத் தொட்டுடுவாங்க. அதுக்கு நான் பொறுப்பு."

"நானா? எனக்குப் பாட்டே வராது டீச்சர்."

"காதாலயே சுருதியத் தேடியிருக்கீங்க. இன்னும் என்ன வரணும்?"

கீழே தேடியது மேலே எப்படித் தெரிந்தது என்று பல்செட்காரர் கேட்கவில்லை. அருமையான காது என்று ஏற்கெனவே ஒருமுறை சொன்னவர். தன் காதைப் பற்றி வேறு யாரும் இதுவரை எதுவும் சொன்னதில்லை. சேர்ந்துவிட்டார்.

அடுத்த நாள் காலை, மாமியாரின் முதல் பல்லை எடுத்துவைத்துக்கொண்டு காத்திருந்தார். மேலே ஆரம்பித்தது. ச. ரி. க. ம. ப. த. நி. அவர் கண்களை மூடிக்கொண்டார்.

ச.

முழுசாக, நிதானமாக, கதவைத் திறந்து உள்ளே வந்து உட்கார்ந்தது அந்தச் சுரம். சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது, பல்செட்காரருக்குக் கண் கலங்கிவிட்டது. அதன்பிறகு மேலே ஒரு சத்தமும் இல்லை. அன்று முழுக்க இல்லை. இப்போது வந்தது அசல் அமைதி, எதற்காகவும் காத்திருக்காத அமைதி. அதில் உட்கார்ந்து அவர் தன் வாழ்நாளின் மிகச் சிறந்த பல்செட்டைச் செய்தார்.

டாக்டர் போன் செய்தபோது குரலில் பழைய நடுக்கம் இல்லை. வேறு நடுக்கம் இருந்தது.

"அண்ணே, மாமியார் போட்டுப் பாத்தாங்க. சிரிச்சாங்க. என்னைப் பாத்து."

"சந்தோஷம் டாக்டர்."

"பழக்கமில்ல, ஒரு மாதிரி இருக்கு. பரவாயில்ல. இனிமே எல்லா வேலையும் உங்களுக்குத்தான்."

அன்று சாயங்காலம் பல்செட்காரர் தலையை வாரிக்கொண்டு, யானைப் புத்தகத்தைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு வகுப்புக்குப் போனார். மனைவி வாசல்வரை வந்து வழியனுப்பினாள். "மொத நாளே டீச்சரை எதிர்த்துப் பேசாதீங்க," என்றாள்.

முன்னறையில் அந்தச் சம்பந்தமில்லாத நாற்காலிகளில் சம்பந்தமில்லாத மனிதர்கள் உட்கார்ந்திருந்தார்கள். வீட்டிலேயே மெஷின் போட்டுத் துணி தைக்கும் ஒரு அம்மா. இரவெல்லாம் காவல் பார்த்துவிட்டுப் பகலில் தூங்குகிற ஒருவர். வீட்டு வரைபடங்களை வீட்டிலிருந்தே போட்டுக்கொடுக்கும் ஒருவர். வீட்டில் டைப்பிங் எடுக்கும் ஒரு பெண். ஒவ்வொருவரும் ஊரின் ஒவ்வொரு மூலையிலிருந்து பஸ் பிடித்து வந்திருந்தார்கள். இவ்வளவு தூரத்திலிருந்து வருகிறார்கள் என்றால் டீச்சர் கெட்டிக்காரராகத்தான் இருக்க வேண்டும் என்று பல்செட்காரர் நினைத்துக்கொண்டார்.

டீச்சர் உள்ளே போனில் பேசிக்கொண்டிருந்தார். பல்செட்காரர் தையல்கார அம்மாவுக்குப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தார். ஒரு நல்ல காரியம் செய்துவிட்ட மனிதனுக்கு அதைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

"இங்க காலையில ஒரு ஸ்டூடண்ட் வர்றாங்கம்மா. பயந்த சுபாவம். எப்ப வாசிச்சாலும் நியிலேயே நிறுத்திடுவாங்க. நான் கிளாஸ்ல சேர்ந்ததும் தைரியம் வந்து, ச வரைக்கும் போயிட்டாங்க. அவங்க யாருன்னு காட்டுங்களேன், ஒரு வார்த்தை பாராட்டிட்டு வந்துடறேன்."

தையல்கார அம்மா அவரை ஏற இறங்கப் பார்த்தார்.

"காலையில கிளாஸே கிடையாதே தம்பி. டீச்சர் மட்டும்தான் இருப்பாங்க."

"அப்ப நியில நிறுத்தினது?"

காவல்காரர் கொட்டாவியை நிறுத்தினார். வரைபடக்காரர் திரும்பினார். டைப்பிங் பெண் வாயைப் பொத்திக்கொண்டாள். தையல்கார அம்மா அவர் தோளை மெல்லத் தட்டிக்கொடுத்தார்.

"உங்களுக்கு நியா? எனக்கு ரியில நிறுத்தினாங்க. இங்க இருக்கற நாங்க எல்லாருமே, டீச்சர் இதுக்கு முன்னாடி குடியிருந்த வீடுகளுக்குக் கீழ் வீடுதான் தம்பி."